யாருக்கும் போகாத பந்துகள் விழுந்த ஊர்

கடலுக்குள் உப்பு எப்போது வந்தது என்று யாரும் பார்த்ததில்லை, இந்தக் கதை எப்போது நடந்தது என்றும் யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனாலும் உப்பு இருப்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மையாக, மேற்குக் கடலோரத்தில் லூர்தன்துறை என்று ஒரு ஊர் இருந்தது, ஊருக்கு ஒரு கோயில் இருந்தது, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் மணலான ஒரு மைதானம் இருந்தது, மைதானத்துக்கு மேலே மற்ற ஊர்களுக்கு இருப்பது போலவே ஒரு வானமும் இருந்தது.

அந்த வானத்திலிருந்து மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் சாய்ந்த நேரத்தில், ஒரு கால்பந்து விழுந்தது.

மைதானத்து ஓரத்தில் காய்ந்த நெத்திலியைப் பாயிலிருந்து ஓலைக் கடவப்பெட்டிக்கு வாரிக்கொண்டிருந்த பிரிஜித்துக்கு ஒரு முழம் முன்னால், நெத்திலியின் நட்டநடுவில்தான் அது விழுந்தது. ஊரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது, பந்தோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது; ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போலக் குளிர்ந்திருந்தது; அதன் தையலில் அந்தக் கரையில் முளைக்காத ஒரு புல் ஒட்டியிருந்தது. பிரிஜித் அண்ணாந்து பார்த்து, "யாருலேய் அது?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால், முந்தானையால் பந்தைத் துடைத்து, பக்கத்தில் நின்ற பதினோரு வயது மகள் ஜெசிந்தாவின் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச மீனை வாரத் தொடங்கினாள்.

லூர்தன்துறைக்காரர்கள் இதற்கெல்லாம் வாய் பிளப்பவர்கள் இல்லை. கடல் அவர்களுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியைக் கதவோடு கொண்டுவந்து தந்திருக்கிறது, தெரியாத எழுத்து எழுதிய பாதி வள்ளத்தைத் தந்திருக்கிறது, ஒரு முறை யாரோ ஒரு புனிதரின் வலது கையை மட்டும் மரத்தில் செதுக்கினபடி தந்திருக்கிறது. கடல் தருவதை வானம் தந்தால் அதிலென்ன? பந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு என்றுதான் கேட்டார்கள்.

ஏனென்றால் ஊரில் ஒரு மைதானமும் இரண்டு அணிகளும் இருந்தன. வடக்குக்கரை, தெற்குக்கரை. சாயங்காலம் ஆனால் இரண்டு அணியும் ஒரே மணலுக்கு வந்து நின்று, ஆடுகிற நேரத்தைவிட அதிக நேரம் சண்டை போடுவார்கள். அன்றைக்கும் கால் மணி நேரத்துக்குள் இரண்டு கரையும் பாயைச் சுற்றி நின்றது, பங்குத் தந்தை ததேயூஸ் அச்சன் பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"அச்சோ, பந்து விழுந்தது வடக்குப் பாதியில" என்றான் டெனிஸ். அவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது, வடக்குக்கரை அணிக்கு அவன்தான் வாய்.

"விழுந்தது வடக்க, உருண்டது தெக்க" என்றார்கள் எதிர்ப்பக்கம்.

"விழுந்தது எனக்க நெத்திலியில" என்றாள் பிரிஜித். "முதல்ல எனக்க மீனுக்கு ஒரு வழி சொல்லுங்க அச்சோ, பொறவு பந்தடிக்கலாம்."

அச்சன் யோசித்தார். அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு: கடல் கொண்டுவந்து ஒதுக்கும் பொருள் எதுவானாலும் முதலில் கை வைத்தவருக்குத்தான் சொந்தம், அதில் வழக்கில்லை, பேச்சில்லை. அச்சன் அந்தப் பழக்கத்தை எடுத்து வானத்துக்கும் பொருத்தினார். பந்துக்குக் கை ஆகாது, ஆகவே கால். மேலிருந்து விழும் பந்தை, அது இரண்டாவது முறை மண்ணில் குதிப்பதற்கு முன்னால், யார் காலில் எடுத்து நிறுத்துகிறாரோ பந்து அவருக்கு. பந்து யாருக்கோ அவருடைய கூட்டத்துக்கே மைதானமும், அடுத்த பந்து விழும்வரை. இப்படிச் சொல்லி, அடுத்த ஞாயிறு திருமண அறிவிப்புகளோடு சேர்த்து அதையும் பீடத்திலிருந்து வாசித்தார். அவர் மனதில் இருந்தது வடக்கும் தெற்கும் மட்டும்தான். மைதானம் என்றால் ஆண்பிள்ளைகள் என்பது அந்தக் கரையில் காற்றுக்கும் தெரியும் என்பதால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

பந்துகள் தொடர்ந்து விழுந்தன. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. வடக்குக்கரை ஒருமுறை பனைமரக் கம்பு நட்டு மைதானத்துக்கு மேலே கரமடி வலையை விரித்துக் கட்டிப் பார்த்தது. வலை கட்டியிருந்த மூன்று வாரமும், மீன் எப்படி வலையைக் கண்டு விலகுமோ அப்படியே, ஒரு பந்துகூட வரவில்லை. அவிழ்த்த அன்றைக்கு இரண்டு வந்தன. யாரும் பார்க்காதபோது விழுந்து கிடந்தவை பள்ளிக்கூடத்துக்குப் போயின. மெல்ல மெல்ல ஊர் பந்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது. சேறு அப்பி வந்தால் அங்கே மழை, வெள்ளையாய்க் குளிர்ந்து வந்தால் அங்கே பனி, சூடாய் வந்தால் அங்கேயும் கோடை. எல்லாப் பந்தும் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டே இறங்கியதால், அடிப்பது ஒரே ஆள்தான், இடது கால்காரன்தான் என்பதும் தெரிந்துபோனது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு ஊரில் தூரத்து மச்சான் என்று பெயர் விழுந்தது. பந்து வராத வாரங்களில், "மச்சானுக்குக் காய்ச்சலோ என்னவோ" என்று ஐஸ் கம்பெனி வாசலில் பேசிக்கொள்வார்கள்.

அங்கே, பூமியின் அந்தப் பக்கத்தில், ஸ்பெயின் தேசத்தின் வடக்குக் கடலோரத்தில், அதுவும் நெத்திலி பிடிக்கிற ஒரு துறைமுக ஊரில், எலோய் என்று ஒருவன் இருந்தான். அவன் அம்மா நெத்திலியை டப்பாவில் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பதினேழு வயதில் உள்ளூர் அணிக்கு நடுக்கள ஆட்டக்காரனாக இறங்கிய முதல் நாள், மழையில், அவன் கொடுத்த முதல் பாஸ் எந்தத் தோழனின் காலுக்கும் போகாமல் மேலே ஏறியது, ஏறியது ஏறியதுதான், கீழே இறங்கவில்லை. ஆறாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வேறு பந்து கேட்டார். ஆட்டம் தொடர்ந்தது.

அந்த ஊர்க்காரர்களும் இதற்கெல்லாம் வாய் பிளப்பவர்கள் இல்லை. எலோய் சரியாகக் கொடுத்தால் பந்து போய்ச் சேரும், தவறினால் மேலே போய்விடும், அவ்வளவுதான். அணியின் உடுப்புகளைக் கவனித்த அம்மாள் அவன் ஆடும் நாட்களில் ஒரு பை பந்து கூடுதலாக எடுத்து வைத்தாள். தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, 'பந்து எல்லைக்கு வெளியே சென்றது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரிகைகள் அவனை முகவரி தெரியாத தபால்காரன் என்றன. அவன் மட்டும் ஒவ்வொரு முறையும் பந்து போன திசையைப் பார்த்தபடி ஒரு கணம் கூடுதலாக நிற்பான். நடுக்களக்காரனின் வேலை கொடுப்பது. கொடுத்தது எங்கே போனது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவது அவனுக்கு ஒருநாளும் பழகவில்லை.

இருபது வயதில் தெற்கே ஒரு பெரிய நகரத்தின் பெரிய அணி அவனை எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடு, திரும்பி வந்தால் இன்னொரு பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடு. அவன் அப்படியே செய்தான், ஐந்து வருஷம் செய்தான், ஒரு பந்தும் தொலையவில்லை, ஒரு பந்தும் எவரையும் மகிழ்விக்கவும் இல்லை.

அந்த ஐந்து வருஷமும் லூர்தன்துறையில் பந்து மழை பொய்த்தது. கடைசியாக விழுந்ததைத் தெற்குக்கரை எடுத்திருந்ததால் மைதானம் தெற்குக்கரையிடமே கிடந்தது. வடக்குக்கரைக்காரர்கள் பக்கத்து ஊர்வரை நடந்துபோய் ஆடிவிட்டு வந்தார்கள். ஜெசிந்தா அப்போது வளர்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் அந்த முதல் பந்து இருந்தது. கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல் வரிசையில் அதை அடித்து, கல் எந்தப் பக்கம் திருப்பி விடும் என்று தெரியாத பந்தை எடுத்து நிறுத்தி, மறுபடி அடித்து, மறுபடி நிறுத்தி, மணல் கிடைக்காத பெண்பிள்ளை கல்லில் கற்றுக்கொண்டாள்.

எலோய்க்கு இருபத்தைந்து வயதில் முழங்கால் போனது. பெரிய அணி அவனைத் திருப்பி அனுப்பியது. நொண்டி, தேறி, சொந்த ஊரின் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிய முதல் ஆட்டத்தில், இனி என்ன போக இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, நாற்பது கஜத்துக்கு ஒரு பாஸ் கொடுத்தான். அது மேலே போனது.

லூர்தன்துறையில் தெற்குக்கரைக்காரர்கள் ஆட்டத்தின் நடுவில் நின்று, அதைப் பார்த்தார்கள். எடுத்து நிறுத்த வேண்டும் என்பதே ஐந்து வருஷத்தில் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஐஸ் கம்பெனியிலிருந்து வேலை முடிந்து குறுக்கே நடந்துவந்த ஜெசிந்தாவுக்கு மறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எறிந்துவிட்டு மூன்று எட்டு வைத்தாள், பந்து ஒருமுறை குதித்தது, இரண்டாவது முறை குதிக்க அது நினைத்தபோது அவள் பாதம் அதற்குக் கீழே இருந்தது.

"அச்சோ!" என்று ஊரே கத்தியது.

ததேயூஸ் அச்சன் வந்தார். தலையைச் சொறிந்தார்.

"ஆம்பிளையன்னு நீங்க சொன்னியளா?" என்று கேட்டாள் பிரிஜித்.

"சொல்லல்ல."

"வாசிச்சியளா?"

"வாசிக்கல்ல."

"பொறவு என்னத்துக்கு மண்டையச் சொறியுதிய? பேன் இருக்கா?"

அன்றிலிருந்து மைதானத்துக்கு மூன்று கூட்டம். ஐஸ் கம்பெனியில் நிற்பவர்கள், மீன் ஏலம் எடுக்கிறவர்கள், தையல் மிஷின் மிதிக்கிறவர்கள் என்று எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள், ஜெசிந்தாவோடு ஒன்பது பேர். பந்து அவர்கள் காலில் நின்றால், மறுபந்து விழும்வரை, சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவர்களை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவர்களுக்குக் கேட்காது. நின்ற இடத்தில் நிற்காமல் ஓடுவது, கத்துவது, விழுவது, விழுந்தவளைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் இருந்தன. பந்து ஆண்கள் காலில் நின்றால் அதெல்லாம் நின்றுவிடும். எட்டு நாள் கிடைத்தது உண்டு, அரை நாளில் பறிபோனதும் உண்டு.

ஜெசிந்தாவைக் கிளீட்டஸ் என்பவன் கட்டினான். கடல் வேலைக்குப் போகிறவனுக்கு எந்த ஊரும் அடுத்த ஊர்தான்; அவன் வளைகுடாவுக்குப் போனான், அங்கிருந்து ஒரு கப்பலுக்குப் போனான், கப்பலிலிருந்து ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு நெத்திலிப் படகுக்குப் போனான். லீவு நாள் ஒன்றில் ஆட்டம் பார்க்கப் போய் உட்கார்ந்தவன், ஒரு பந்து மேலே போய்த் திரும்பாததைப் பார்த்தான், சுற்றியிருந்தவர்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டே இருந்ததைப் பார்த்தான், உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

"பிள்ளே, இப்ப அங்க எதாம் விழுந்துதா?"

"இப்பந்தான். டெனிஸ் எடுத்துட்டான், பாவி. ஏன் கேக்குதிய?"

"சிவப்பு வரி போட்ட பந்தா?"

ஜெசிந்தா டெனிஸின் காலில் கிடந்த பந்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, "மச்சானக் கண்டுட்டியளா?" என்று கேட்டாள்.

இப்படித்தான் தூரத்து மச்சானின் பெயர் எலோய் என்று ஊருக்குத் தெரிந்தது. குருத்து ஞாயிறு பாடுகளின் வாசகத்தில் சிலுவையில் தொங்கியபடி 'எலோயி, எலோயி' என்று ஆண்டவர் கூப்பிட்ட பெயராச்சே என்று சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆனால் கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பந்துகள் எதுவும் அவர்களுக்கு அனுப்பப்பட்டவை இல்லை. எல்லாம் தவறிப்போனவை. ஊர் இரண்டு நாள் முகம் வாடியே இருந்தது.

"அப்ப நம்மள நெனச்சு அடிக்கல்லியா?" என்று தெற்குக்கரையில் ஒருவன் கேட்டான், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

"நெனச்சானோ நெனைக்கல்லியோ, வந்துதா இல்லியா? மழ உன்ன நெனச்சா பெய்யுது?" என்றாள் பிரிஜித். மூன்றாம் நாள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

தேறியதும் டெனிஸுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு அப்போது மீசையில் ஒன்றிரண்டு நரை. பந்து விழுவது அந்த ஆளின் பிழையால் என்றால், ஆண்களிடம் மைதானம் இருக்கும் சமயம் பார்த்து அந்த ஆள் பிழையே விடாமல் ஆடிவிட்டால் போதுமே. வடக்கும் தெற்கும் முதன்முறையாக ஒன்று சேர்ந்து, 'எலோய்க்குப் பிழையில்லாத கால் வேண்டி' என்று வேண்டுதல் கருத்துக் கொடுத்துப் பூசை வைத்தார்கள். பெண்கள் சும்மா இருப்பார்களா? தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால், இவனுடைய பந்து கொஞ்சம் தொலையட்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினார்கள். அந்தோணியார் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், ஒரு வாரம் அவர்களுக்கும் ஒரு வாரம் இவர்களுக்குமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஏப்ரலில் கிளீட்டஸ் சேதி சொன்னான். எலோய்க்கு முப்பத்தைந்து ஆகிறது. மே மாதக் கடைசி ஞாயிறு கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அவன் ஆடப்போவதில்லை.

ஊரில் எல்லோரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். அடுத்த பந்து விழும்வரை என்பது அச்சனின் சொல். கடைசிப் பந்துக்கு அடுத்த பந்து கிடையாது. கடைசியாக எடுப்பவருக்கு மைதானம் என்றென்றைக்கும். அப்போது மைதானம் யாரிடம் இருந்தது? டெனிஸிடம். கடைசி ஆட்டத்தில் ஒன்றும் தவறாவிட்டால், அவனிடமே, என்றென்றைக்கும்.

"நீங்க அந்தாளப் போய்ப் பாருங்க" என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணே ஒண்ணு தவறவிடச் சொல்லுங்க. எனக்காவ இல்ல, ஒம்பது பேருக்காவ."

கிளீட்டஸ் பயிற்சி மைதானத்து வாசலில் மூன்று நாள் நின்று, தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தையையும் இரண்டு கையையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். எலோய் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்: யாராவது எடுத்தார்களா? கிளீட்டஸ் ஃபோனைத் திறந்து, ஜெசிந்தா ஒரு பந்தை மேலிருந்து இறக்கித் தரையில் வைக்கும் வீடியோவைக் காட்டினான். எலோய் அதைப் பதினொரு முறை பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பந்தைத் தன்னிடமிருந்து அரையடி அதிகமாகத் தள்ளி வைக்கிறாள் என்றான்.

"நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா ஃபோனில். "சரி, தவறவிடுவாரா?"

கிளீட்டஸ் தயங்கினான். "மாட்டானாம் பிள்ளே. பதினெட்டு வருசமா ஒரு ஆட்டமாவது ஒரு பந்தும் தொலைக்காம, மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஆடணும்னு நெனச்சிருக்கான். கடைசி ஆட்டத்துக்கு அம்மாவும் வருதாவ. தெரிஞ்சே பிழையா அடிக்க கால் வராதுன்னுட்டான்."

ஜெசிந்தா ஃபோனோடு கருங்கல் வரிசைவரை நடந்துபோய் உட்கார்ந்தாள்.

"சரிதான்" என்றாள் கடைசியில். "நானா இருந்தாலும் மாட்டேன்."

மே மாதக் கடைசி ஞாயிறு வந்தது, மைதானம் அப்போதும் டெனிஸிடம்தான் இருந்தது. அங்கே நண்பகல், இங்கே மாலை மூன்றரை. கிளப்பிலிருந்து டிவியைத் தூக்கிவந்து கோயில் நடையில் வைத்தார்கள். கிளீட்டஸின் ஃபோனைக் கோயில் மைக்குக்கு முன்னால் வைத்தார்கள், அவன் குரல் ஒலிபெருக்கியில் கடல்வரை கேட்டது. வடக்கும் தெற்கும் இருபத்திரண்டு பேரும், பந்துகள் எப்போதும் விழுகிற நடு மைதானத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஒன்பது பெண்கள் அவர்களுக்கு இடையில் இடித்துப் புகுந்து நின்றார்கள். வலை கட்டலாமா என்று டெனிஸ் கேட்டதற்கு, அச்சன், "கட்டு. கட்டினா உன்னையும் அதுல கட்டித் தூக்குவேன்" என்றார்.

எலோய் ஆடினான். எப்படி ஆடினான் என்றால், சோறு பரிமாறத் தெரிந்தவர் பந்தியில் நடப்பது போல, யாருக்கு எவ்வளவு பசி என்று தெரிந்து, யார் இலையிலும் சிந்தாமல் ஆடினான். குட்டையாக, நெடியதாக, பார்த்துக்கொண்டு, பார்க்காமல், குதிகாலால், எதுவும் தவறவில்லை. ஒவ்வொரு பாஸுக்கும் ஆண்கள், "நம்ம மச்சானா கொக்கா!" என்று கைதட்டினார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள், பெருமூச்சு விட்டுக்கொண்டே பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஐம்பது, அறுபது, எழுபது பாஸ். எண்பதாவது நிமிடத்தில் தையல் மிஷின் மிதிக்கிற ஸ்டெபானியா ஜெசிந்தாவின் காதில், "எக்கா, என்னா அழகா அடிக்குதான் பாருங்க, நாசமாப் போறவன்" என்றாள்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். அவன் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. பந்து அவன் காலில். பக்கத்தில் மூன்று தோழர்கள் கை உயர்த்தி நின்றார்கள், எவனுக்குக் கொடுத்தாலும் போதும், ஆட்டம் முடிந்துவிடும். எலோய் தலையைத் தூக்கி, ஆளே இல்லாத இடது மூலையைப் பார்த்தான்.

"தலையத் தூக்கிட்டான்!" என்று கிளீட்டஸின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது. "பிள்ளே, ஆரையோ பாக்குதான்!"

இருபத்திரண்டு ஆண்களும் எட்டுப் பெண்களும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஜெசிந்தா அண்ணாந்து பார்க்கவில்லை. தவறிப்போகிற பந்துதான் எங்கேயாவது விழும். இந்த ஆளுக்குத் தவறவிட வராது. அப்படியானால் இப்போது அவன் கொடுக்கப்போவது பாஸ், ஒரு ஆளுக்கென்று கொடுக்கப்படுவது. ஆளுக்கென்று கொடுக்கிற பாஸ் அவர் நிற்கிற இடத்துக்கு வராது, ஓடிப்போய்ச் சேரப்போகிற இடத்துக்குத்தான் வரும் என்பது, பந்தடிக்கிற எல்லோருக்கும் தெரியும். நின்றுகொண்டிருந்தால் கிடைக்காது. அவள் கூட்டத்தை விட்டு, யாருமே இல்லாத தென்மேற்கு மூலைக்கு, கடலைப் பார்த்து, ஓடத் தொடங்கினாள்.

"ஏ ஜெசிந்தா!" என்று டெனிஸ் சிரித்தான். "பந்து மேலேருந்து வரும் பிள்ளே, கடல்லேருந்தில்ல!"

அங்கே எலோய் அடித்தான். ஆறாயிரம் பேர், "ஐயோ, கடைசியிலுமா" என்பது போல ஒரு முனகல் முனகினார்கள்.

ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம். வானத்தில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் முழுவதும் ஜெசிந்தா ஓடிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல், கிடைக்கும் என்று நம்புகிறவள் ஓடுவது போல. பிறகு பந்து கடலின் பக்கமிருந்து வந்தது. அலைகளுக்கு மேல் ஆள் உயரத்தில், இடது பக்கமாக வளைந்து, கருங்கல் வரிசையை உரசாமல் தாண்டி, அவளுடைய அடுத்த எட்டு விழ வேண்டிய இடத்துக்கு வந்தது. அவள் பாதத்தை வைத்தாள். அரையடிகூட விலகாமல் பந்து அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

அலைச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் கிளீட்டஸ் மூச்சு வாங்குவது கேட்டது.

டெனிஸ்தான் முதலில் நடந்து வந்தான். அவன் பின்னால் இரண்டு கரையும் வந்தது.

"அப்ப எல்லாம் உங்களுக்குத்தானா, இனிமே?" என்றான்.

"அச்சன் சொன்னதுதான்" என்றாள் ஜெசிந்தா. "அடுத்தது விழும்வர."

"நாங்க எங்க போவோம் பிள்ளே?"

அவள் மற்ற எட்டுப் பேரையும் பார்த்தாள். எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். "நாலு மணியிலேருந்து ஆறு மணிவர எங்களுக்கு. அதுக்குப் பொறவு கேட்டா தருவோம்."

"கேக்கணுமா?"

"கேக்கணும். தினமும்."

டெனிஸ் மணலைக் காலால் தள்ளினான். கழுத்தைச் சொறிந்தான். பின்னால் யாரோ அவனை இடித்தார்கள். "ஆறு மணிக்கு மேல..." என்றான், "மைதானம்... தருவியளா?"

"இன்னைக்கு உண்டு" என்றாள் ஜெசிந்தா. "நாளைக்குள்ளத நாளைக்குக் கேளுங்க." ஸ்டெபானியா சிரித்த சிரிப்பில் அச்சனும் சிரித்துவிட்டார்.

அங்கே ஆட்டம் முடிந்திருந்தது. ஊர் எலோய்க்குக் கைதட்டியது, அவன் அம்மா அவன் முகத்தைப் பிடித்து முத்தமிட்டாள், தோழர்கள் தோளில் தூக்கினார்கள். எல்லோரும் அன்போடுதான், அந்தக் கடைசிப் பந்தைப் பற்றிப் பேசாமலிருந்தார்கள். கூட்டம் கலைந்தது. எலோய் மட்டும் உள்ளே போகாமல், கிளீட்டஸ் நின்ற கம்பி வேலி ஓரம் வந்தான். கிளீட்டஸ் ஃபோனை நீட்டினான்.

ஃபோனில் ஜெசிந்தா நின்றாள், காலடியில் பந்து. அவளுக்கு அவன் பேச்சு தெரியாது, அவனுக்கு அவள் பேச்சு தெரியாது. நல்ல பாஸ் கிடைத்தவன் கொடுத்தவனைத் தேடிப் பார்த்து, இது உன்னுடையது என்று விரலை நீட்டுவான், எல்லாத் தேசத்து மைதானத்திலும் அப்படித்தான். ஜெசிந்தா கையைத் தூக்கி, விரலை நீட்டி, அவனைச் சுட்டினாள்.

எலோய் தலையை ஆட்டினான். எத்தனை பாஸ் என்று கேட்பது போலக் கிளீட்டஸ் புருவத்தை உயர்த்த, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டும் போய்ச் சேர்ந்தது என்று விரல்களால் காட்டினான்.

கிளீட்டஸுக்குப் படகு நேரம் ஆகிவிட்டது, கைகொடுத்துவிட்டுப் போனான். படிகளில் சூரியகாந்தித் தோலைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அம்மாள் கடைசி வரிசையையும் பெருக்கி முடித்து, துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு போனாள். எலோய் கொஞ்ச நேரம் புல்லில் நின்றான். எந்தத் திசையையும் பார்க்கவில்லை. பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றி, கயிற்றைச் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவன் நடப்பது போல நடந்து போனான்.